வயிற்றுப்போக்குக்கு இனிப்புப் பானம்: பெயரை நீக்கினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுகளின்படி தயாரிக்கப்படாத எந்தப் பானத்தின் மீதும் 'ஓ.ஆர்.எஸ்.' (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல்) என்ற பெயரை, வணிகப் பெயரின் ஒரு பகுதியாகக்கூட, அச்சிடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபர் 14 அன்று உத்தரவிட்டது. ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடியதன் பயன் அது. உத்தரவை எதிர்த்து ஒரு நிறுவனம் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதே மாத இறுதியில் தலையிட மறுத்துவிட்டது. நீண்ட காலம் மருந்தாளுநராகப் பணியாற்றியவன் என்ற முறையில் நான் இதை மனதார வரவேற்கிறேன். ஆனால், இத்துடன் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று அதிகாரிகளும் மருந்துக் கடைக்காரர்களும் இருந்துவிடுவார்களோ என்ற கவலையால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உப்பு சர்க்கரைக் கரைசல் என்று நாம் சொல்லும் அந்தப் பொட்டலத்தில் இருப்பவை நான்கே பொருள்கள். ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். இதில் குளுக்கோஸ் சுவைக்காகச் சேர்க்கப்படுவதில்லை. சிறுகுடலின் சுவர் குளுக்கோஸை உள்வாங்கும்போது சோடியத்தையும் சேர்த்தே உள்வாங்குகிறது, அதைத் தொடர்ந்து நீரும் உடலுக்குள் செல்கிறது. வயிற்றுப்போக்கு கடுமையாக இருக்கும்போதும் இந்த வழி அடைபடுவதில்லை என்பதுதான் இம்மருந்தின் அடிப்படை. சர்க்கரை அளவுக்கு மீறினால் நடப்பது இதற்கு நேர் எதிரானது. உறிஞ்சப்படாமல் குடலில் தங்கும் சர்க்கரை உடலிலுள்ள நீரைக் குடலுக்குள் இழுக்கிறது, வயிற்றுப்போக்கு இன்னும் அதிகமாகிறது. பழச்சுவைப் பானங்களில் லிட்டருக்கு நூறு கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருப்பது சாதாரணம். உடலை விட்டு வெளியேறிய உப்பை ஈடுசெய்யும் அளவுக்கு அவற்றில் சோடியமும் இருப்பதில்லை. ஏற்கெனவே நீரிழப்பால் கண்கள் குழிவிழுந்து, நாக்கு வறண்டு கிடக்கும் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அப்படிப்பட்ட பானத்தைப் புகட்டினால் என்ன ஆகும் என்பதைத் தயாரிப்பாளர்கள் அறியாதவர்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இந்தப் பெயருக்கு மக்களிடம் இருக்கும் நம்பிக்கையை உருவாக்கியவர்கள் விளம்பரதாரர்கள் அல்லர். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்கான் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பு வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் குளுக்கோஸையும் உப்பையும் சமையல் சோடாவையும் பீப்பாய்களில் கரைத்துக் கொடுக்கச் செய்தார். குவளையில் மொண்டு நோயாளிகளுக்குப் புகட்டியவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய உறவினர்களே. ஏறத்தாழ முப்பது விழுக்காடாக இருந்த இறப்பு விகிதம் நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. படிப்பறிவில்லாத ஒரு தாய்கூடத் தன் கையால் தன் பிள்ளையைக் காப்பாற்றிக்கொள்ள முடியும் என்று நிரூபித்த மருந்து இது. அந்த நம்பிக்கையை ஒரு இனிப்புப் பானத்தை விற்கப் பயன்படுத்துவதை வியாபார உத்தி என்று என்னால் ஏற்க முடியாது. அது ஏழைத் தாய்மார்களுக்குச் செய்யும் துரோகம்.

ஆணையத்தின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. 2022 ஏப்ரலில் இப்பெயருக்குத் தடை விதித்த அதே ஆணையம், சில மாதங்களிலேயே, 'இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். அல்ல' என்ற ஒரு வரியை அச்சிட்டால் போதும் என்று இறங்கிவந்தது. அந்த வரியை யார் படித்தார்கள்? மருந்துக் கடையில் நின்று "ஓ.ஆர்.எஸ். குடுங்கண்ணே" என்று கேட்கும் பெண்ணிடம், "பவுடரா, ஜூஸா?" என்று திருப்பிக் கேட்பதைப் பல கடைகளில் நானே கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே மருந்தின் இரு வடிவங்கள் என்றுதான் எவருக்கும் தோன்றும். கரைக்க வேண்டியதில்லை, குழந்தையும் முகம் சுளிக்காமல் குடிக்கும் என்பதால் அவர் கூடுதல் விலை கொடுத்து ஜூஸை வாங்கிச் செல்கிறார். பவுடர் மருந்து உரிமத்தின் கீழும் பானம் உணவு உரிமத்தின் கீழும் தயாராகின்றன என்பதோ, இரண்டுக்கும் பொருந்தும் சட்டங்கள் வேறு என்பதோ அவருக்கு எப்படித் தெரியும்? எதை வாங்குவது என்பது வாங்குபவரின் உரிமை என்று சிலர் வாதிடுகிறார்கள். தவறான பெயரைப் பார்த்து எடுக்கப்படும் முடிவில் உரிமை எங்கே இருக்கிறது?

உத்தரவுக்குப் பிறகு எங்கள் பகுதிக் கடைகளில் பெயர் மாறியிருக்கிறது. அட்டைப்பெட்டியின் நிறமும் தோற்றமும் மாறவில்லை, அது வைக்கப்பட்டிருக்கும் இடமும் மாறவில்லை. வயிற்றுப்போக்கு மாத்திரைகளுக்குப் பக்கத்தில் அடுக்கப்பட்டிருக்கும் வரை அது மருந்தாகவே விற்கும். எனவே இத்தகைய பானங்களை மருந்து அலமாரியிலிருந்து அகற்றிக் குளிர்பானங்களோடு மட்டுமே வைக்க வேண்டும் என்று மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும் கூட்டாக உத்தரவிட வேண்டும். 'வயிற்றுப்போக்கு உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது' என்ற எச்சரிக்கை அட்டையின் முன்புறத்தில் தமிழில் பெரிய எழுத்துகளில் இடம்பெற வேண்டும்.

ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் சுமார் அறுபது விழுக்காட்டினருக்கே இக்கரைசல் கிடைத்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அங்கன்வாடிகளிலும் இது இலவசம் என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. கொடுக்கும்போது செய்முறையையும் சொல்லித்தர வேண்டும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைத் தம்ளர் தம்ளராகப் பிரித்துக் கரைப்பது பரவலாக நடக்கும் தவறு. அளவு பிசகினால் உப்பு கூடியோ குறைந்தோ போகும். முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஒரே தடவையாகக் கரைத்து, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். கூடவே துத்தநாக மாத்திரையைப் பதினான்கு நாள்கள் வரை தர வேண்டும். பொட்டலம் கைக்கு எட்டாத நேரத்தில் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் கொடுத்த நம் பாட்டிமார்களின் வழக்கம் இன்றும் நல்ல வழியே.

மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு பெருகும் முன்பே, மாவட்டந்தோறும் மருந்து ஆய்வாளர்களும் உணவுப் பாதுகாப்பு அலுவலர்களும் சேர்ந்து கடைகளின் அலமாரிகளைச் சோதித்து, கண்டதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்.