பிணையாளி சாட்சிக்காரர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் சட்டக் கேள்வி-பதிலில், பிணையாளி என்பவர் 'கடன் பெறுபவரைத் தனக்குத் தெரியும் என உறுதிப்படுத்துபவர்' என்று எழுதியிருந்தீர்கள். புதுக்கடையில் உறுதிகள் எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் 30 வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஆளைத் தெரியும் என்று சொல்பவர் சாட்சி. பிணையாளி சொல்வது, 'இவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன்' என்பது. அது அவருடைய சொந்த வாக்கு. 'ஒரு கையெழுத்துத்தானே மச்சான்' என்று வாகனக் கடன் தரும் லீசிங் கம்பனிக்குக் கூட்டிப்போகிற நண்பர் இதைச் சொல்லமாட்டார்.

அந்த ஒரு கையெழுத்தில்தான் எல்லாமே இருக்கிறது. இன்னொருவர் கடனுக்குப் பொறுப்பேற்கும் வாக்கு எழுத்தில் இருந்து, அந்த வாக்கைக் கொடுத்தவர் ஒப்பமிட்டிருந்தால்தான் செல்லும் என்கிறது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம். வாய்ப்பேச்சோடு நின்றவரைச் சட்டம் பிடிக்காது.

ஒல்லாந்தர் காலத்திலிருந்து இலங்கையில் இருக்கும் உரோமன் டச்சுச் சட்டம் பிணையாளிக்கு இரண்டு சலுகைகளும் தருகிறது. முதலில் கடன் எடுத்தவரிடம் அறவிட்டுப் பாருங்கள் என்று கேட்கலாம். பிணையாளிகள் பலர் என்றால், என் பங்கை மட்டும் கேளுங்கள் எனலாம். ஆனால் அச்சடித்த படிவங்களில், இவற்றைத் துறக்கிறேன் என்று நீளமான லத்தீன் பெயர்களோடு ஒரு வரி வழக்கமாகவே இருக்கும். அந்த வரியை நாள்தோறும் தட்டச்சு செய்த எனக்கே பல வருடம் அதன் பொருள் தெரியாது! அதற்குக் கீழே ஒப்பமிட்டால், கடன் எடுத்தவரைத் தேடாமலே உங்கள் வாசலுக்கு வரலாம். முழுத்தொகையையும் உங்களிடமே கேட்கலாம்.

என் மைத்துனருக்கு அப்படித்தான் நடந்தது. கூட வேலை செய்தவரின் முச்சக்கர வண்டிக் கடனுக்குப் பிணையாளியாக ஒப்பமிட்டார். கடன் எடுத்தவர் கட்டார் நாட்டுக்குப் போய்விட்டார், காசு கேட்டுக் கடிதம் வெள்ளவத்தைக்கு, மைத்துனருக்கு வந்தது. கட்டிய காசை அவரிடம் திருப்பிக் கேட்க மைத்துனருக்கு உரிமை இருக்கிறது. ஆளைப் பிடிக்க வேண்டுமே!

தயவுசெய்து அடுத்த இதழிலேயே திருத்தம் போடுங்கள். உங்கள் விளக்கத்தை நம்பி இந்த வாரம் யாராவது கையெழுத்து வைக்கப் போயிருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06