அவர் கேட்கவில்லையே!

அன்புள்ள மங்கைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறப்பார்களா மாட்டார்களா என்பதுதான் டீக்கடையிலிருந்து எங்கள் திண்ணை வரைக்கும் பேச்சு. திறந்தாலும் கல்லணை தாண்டி எங்கள் கடைமடைக்கு எப்போது வருமோ. மற்றபடி எல்லோரும் சௌக்கியம், என் தம்பிதான் என்னோடு பேசுவதில்லை. போனில் ஏன் என்று கேட்டாய், அது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை.

தலைஞாயிறு பக்கம் அவன் பங்குக்கு வந்த அஞ்சு மா நிலத்தை விற்கலாம் என்று இறங்கினான், மகள் கல்யாணக் கடன் கழுத்தை நெரிக்கிறது. அங்கே போர்வெல் இருக்கிறது, கஜா புயல் வந்ததற்கு அடுத்த வருஷம் போட்டது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அப்புறம் தை வரைக்கும் தண்ணீர் நன்றாகவே இருக்கும். பங்குனி பிறந்தால் கரிக்க ஆரம்பிக்கும், சித்திரையில் வாயில் வைக்க முடியாது, பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, மோட்டார் குழாய் வாயில் சுண்ணாம்பு தடவினாற்போல வெள்ளையாகப் பூத்திருக்கும். வாங்க வந்தவர் வெளியூர்க்காரர், ரிட்டயர் ஆகித் தென்னையும் காய்கறியும் போட ஆசைப்படுகிறவர். அவர் வந்ததோ தையில், சம்பா தலை சாய்த்து நிற்கிற நேரம். மோட்டாரைப் போட்டு இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துவிட்டு, இளநீர் மாதிரி இருக்கிறதே என்றார். தம்பி சிரித்தான், தரகர் சிரித்தார். யாரும் பொய் சொல்லவில்லை, கவனி.

ராத்திரி என்னிடம் வந்து, "அவர் கேட்கவில்லையே அக்கா, நாமாக ஏன் சொல்ல வேண்டும்?" என்றான். கேட்ட விதத்திலேயே அவனுக்கும் உறுத்துகிறது என்று தெரிந்தது. சொல்லிவிடு என்றேன். கூட இருந்த தரகருக்குக் கோபம் வந்துவிட்டது. "டீச்சரம்மாவுக்கு ஒண்ணாந்தேதியானா பென்ஷன் வந்துடும், பேசலாம்" என்றார். பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போடலாம் என்றும் இதே ஆள்தான் யோசனை சொன்னார், அது தனிக் கதை.

சட்டம் படிக்கிறாள் இல்லையா என் பேத்தி, லீவுக்கு வந்திருந்தாள். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி வெறுமனே வாயை மூடிக்கொண்டிருப்பது மோசடி ஆகாதாம், பேச வேண்டிய கடமை இருந்தால் தவிர. தம்பிக்கு முதல் பாதியே போதும், "பார்த்தியா" என்று எழுந்துவிட்டான். அவள் விடவில்லை. நிலம் விற்கிறவனுக்கு அந்தக் கடமை இருக்கிறது தாத்தா என்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவை எடுத்து வைத்தாள்: விற்கிறவனுக்குத் தெரிந்து, வாங்குகிறவனுக்குத் தெரியாமல், அவன் சாதாரணமாகக் கவனித்துப் பார்த்தாலும் பிடிபடாத முக்கியமான குறை எதுவோ அதைச் சொல்லியாக வேண்டும். தையில் வந்து பார்க்கிறவருக்குச் சித்திரைத் தண்ணீர் எப்படிப் பிடிபடும்?

அவளே சொன்ன இன்னொரு கதைதான் எனக்குப் பிடித்தது. ரோமாபுரி அறிஞர் சிசரோ கி.மு. 44-இல் தன் மகனுக்கு எழுதி வைத்தது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறைய தானியத்தோடு வந்து இறங்குகிறான். பின்னாலேயே இன்னும் பல கப்பல்கள் தானியம் ஏற்றிக்கொண்டு வருகின்றன, அது அவனுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. சொன்னால் விலை விழுந்துவிடும். சரக்கில் உள்ள குறையைச் சட்டம் கேட்கிற அளவுக்குச் சொன்னால் போதும், மற்றதைச் சொல்லாமல் இருப்பது மறைப்பது ஆகாது என்கிறார் டயோஜெனிஸ் என்ற தத்துவ ஞானி. அவருடைய சீடர் ஆண்டிபேட்டர், எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டும் என்கிறார். சிசரோ சீடர் பக்கம் நிற்கிறார். நெல் விற்றுச் சாப்பிட்ட குடும்பத்துக்காரி எனக்கு டயோஜெனிஸ் சொல்வதும் கொஞ்சம் புரியத்தான் செய்கிறது. பின்னால் வருகிற கப்பல் நாலு நாளில் வந்துவிடும், ஊர் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கரிக்கிற போரை வாங்கினவர் ரிட்டயர்மென்ட் பணத்தை அந்த மண்ணில் போட்டுவிட்டு வருஷா வருஷம் சித்திரையில் கருகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதற்காக எல்லோரிடமும் எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நாத்தனார் புடவை நன்றாக இருக்கிறது என்று நானும்தான் சொல்கிறேன்.

கடைசியில் தம்பி மாசியில் சொல்லிவிட்டான். அவர் கோபப்படவில்லை, சித்திரையில் வந்து பார்க்கிறேன் என்றார், வந்தார், ஒரு வாய் குடித்துத் துப்பினார். பேசின விலையில் கால் பங்கு குறைத்துத்தான் முடிந்தது. கடன் முழுக்க அடையவில்லை. யோசனை என்னுடையது, நஷ்டம் அவனுடையது, அதனால் தரகர் சொன்ன பென்ஷன் பேச்சை என்னால் சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. என்னால் ஆனதைக் கடனுக்குக் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்கிறான். இருந்தாலும் அவன் மறுபடி வந்து கேட்டால் அதையேதான் சொல்வேன்.

இவ்வளவு நீளமாக உனக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பெண் வீட்டார் வந்து போனதைக் கேசரி, பஜ்ஜி முதற்கொண்டு எழுதியிருந்தாய், நடுவே ஒரே ஒரு வரி: செல்வத்துக்கு வேலை போனதை அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வேலை போவது இந்தக் காலத்தில் யார் வீட்டில் இல்லை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வேறு வேலை கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பெண் அவன் சம்பளத்தையும் சேர்த்து வைத்துத்தான் எந்த ஊரில் வீடு, தன் வேலையை விடலாமா கூடாதா என்றெல்லாம் இப்போதே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள், அந்த ஆயிரத்தையும் பின்னால் சுமந்தது வந்த பெண்தான், சொன்னவர்கள் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நம் ஊரிலேயே எத்தனை பார்த்திருக்கிறோம்.

நீ போய்ச் சொல்லாதே, சம்பந்தி பேச்சாகிவிடும். செல்வமே அந்தப் பெண்ணிடம் நேராகச் சொல்லட்டும், ஆவணி நிச்சயத்துக்குப் பத்திரிகை அடிப்பதற்கு முன்னால். தயங்கினான் என்றால் என் நம்பரைக் கொடு, நான் பேசுகிறேன். ஆறாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவன்தானே.

அன்புடன்,
வசந்தா