வெயில் மாதங்களுக்கு நிழலும் தண்ணீரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்ச் பிறந்துவிட்டால் பினாங்கில் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சு: "என்ன வெயில்! வெளியே தலை காட்ட முடியலை." ஞாயிற்றுக்கிழமை வந்தால் குடும்பத்தோடு பேரங்காடிக்குப் போய், ஏர்கோன் குளிரில் நாலு மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்புகிறோம். பிள்ளைகளுக்கு விடுமுறை என்றாலே அதுதான் என்றாகிவிட்டது. 40 ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தீவில் வாழ்கிற எனக்கு இது பெரிய வருத்தம். ஏனென்றால், பினாங்கு தன் அழகைக் காட்டுவதே இந்த மாதங்களில்தான்.

ஆண்டுத் தொடக்கத்தில் மழை குறைந்ததும் டெக்கோமா மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்பாய்ப் பூத்து நிற்கின்றன. நீண்ட வறட்சிக்குப் பின் ஒரு மழை பெய்தால் போதும், சாலையோரத்து அங்சானா மரங்கள் சொல்லி வைத்தாற்போல ஒன்றாக மஞ்சளாகும். அந்தப் பூவுக்கு ஆயுள் ஒரு நாள். உதிர்ந்து தார்ச்சாலையை மூடிக் கிடப்பதைத் துப்புரவுப் பணியாளர்கள் கூட்டுவதற்குள் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்திலிருந்து இது தெரியாது.

நான் பேரப்பிள்ளைகளைத் தண்ணீர்மலைப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறேன். நம் ஊரில் 7 மணிக்குத்தானே விடிகிறது. அந்நேரம் போனால் 9 மணி வரை வெயில் உறைக்காது. 1884இல் பழைய கருங்கல் குவாரி இருந்த இடத்தில் உருவான தோட்டம் அது. தூங்குமூஞ்சி மரங்களின் குடைக்குக் கீழே நின்றால் காற்றே வேறு. நாகலிங்க மரத்தின் அடிமரத்தில் பூத்திருந்த பூவை முதன்முதலாகக் காட்டியபோது, "பாட்டி, இதுக்குள்ள பாம்பு இருக்கு!" என்று இளையவன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு அங்கிருந்தே கொடிமலை உச்சிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஜீப் பாதை இருக்கிறது. முடியாதவர்களுக்கு 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயில் இருக்கவே இருக்கிறது. மேலே போனால் கீழே இருப்பதைவிட 5 டிகிரி வரை குறைவு. மாலையில் பாடாங் கோத்தா கடற்கரைக் காற்று. ஒரு ஜாதிக்காய்ப் பானம் வாங்கிக்கொண்டு சுவரில் உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது.

வானிலைத் துறை 37 டிகிரியைத் தாண்டும் என்று எச்சரிக்கும் நாளில் முதியோரும் குழந்தைகளும் வீட்டில் இருக்கத்தான் வேண்டும். மற்ற நாட்களில் காலையும் மாலையும் நம்முடையவை. சிக்கல் நடுப்பகலில்தான். அதற்கும் நம் முன்னோர் வழி செய்து வைத்திருந்தார்கள்: காக்கி லீமா. கடைவீடுகளின் மாடி முன்னால் நீண்டு, அதன் அடியில் ஓடும் ஐந்தடி நடைபாதை. வெயிலோ மழையோ தலையில் படாமல் தெரு நெடுக நடக்கலாம். 2008இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமானபோது நாம் பெருமைப்பட்ட கடைவீடுகள் இவைதாம்.

இப்போது நடக்க முடிகிறதா? சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை நண்பகலில் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போனேன். பத்துக் கடைகளைத் தாண்டுவதற்குள் ஆறு முறை கொதிக்கும் சாலைக்கு இறங்க வேண்டியிருந்தது. ஒரு கடை முன் மோட்டார் சைக்கிள்கள். அடுத்ததில் கூரை முட்ட அட்டைப்பெட்டிகள். இன்னொன்றில் பலகையால் தடுப்பே கட்டிவிட்டார்கள். ஒரு வேன் எங்களை உரசுவதுபோல் போனதில் பிள்ளை நடுங்கிப்போனான். வியாபாரிகளின் கஷ்டம் எனக்குத் தெரியும். என் தகப்பனாரும் கடை வைத்திருந்தவர்தான். முழு நடைபாதையையும் கேட்கவில்லை. இருவர் அருகருகே நடக்கும் அகலத்தை விட்டுக் கொடுங்கள். மாநகர் மன்றமும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலாவது இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். ஏப்ரல் தொடக்கத்தில் சூரியன் நம் நேர் உச்சிக்கு வந்துவிடும். அப்போது கட்டட நிழல்கூடச் சாலையில் விழாது.

அடுத்தது தண்ணீர். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் சாலை முழுதும் தண்ணீர்ப்பந்தல்கள். முன்பின் தெரியாதவர் கையில் மோரைத் திணித்து, "குடிச்சிட்டுப் போங்கம்மா" என்கிறார்கள். மலேசியாவில் வேறெங்கும் இத்தனை பந்தல்களை நான் பார்த்ததில்லை. இரண்டே வாரத்தில் எல்லாம் பிரித்தாகிவிடும். வெயில் உச்சத்துக்கு ஏறுவது அதற்குப் பிறகுதான். மலையேறி இறங்கும் சீனப் பெரியவரும் மலாய் இளைஞரும் நம் பிள்ளைகளும் போத்தலைத் தேடி அலைகிறார்கள். பந்தல் போடும் இயக்கங்களுக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும் என் வேண்டுகோள்: ஏப்ரல் முடியும் வரை ஞாயிறு காலைகளில் மட்டும், அலங்காரமோ ஒலிபெருக்கியோ இல்லாமல், ஒரு மேசை, இரண்டு பானை போதும்.

எங்கள் குடியிருப்புப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து, பூங்கா வாசலில் அப்படி ஒரு மேசை போட அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். கிடைத்த மறுவாரமே தொடங்கிவிடுவோம். மோருக்கு நான் பொறுப்பு. உடன் நிற்க விரும்பும் வாசகர்கள் காலை 7 மணிக்கு வந்தால் போதும். சொந்தக் குவளை கொண்டுவந்தால் நெகிழிக் குப்பையும் சேராது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு