நட என்றால் போதாது, போவதற்கு ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே, தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு சின்ன ஊரில் இருந்து எழுதுகிறேன். சத்துணவு அமைப்பாளராக 28 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் வாழை விவசாயி. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி அந்த நேரத்தில் எல்லோரும் எழுதினார்கள். இடிந்த வீடு, அழிந்த வாழை, உடைந்த குளம் எல்லாம் கணக்கில் வந்தன. வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் ஊரில் ஆட்கள் நடப்பதையே விட்டுவிட்டார்கள். அது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

அன்று மார்கழி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. வாசலில் போட்ட கோலம் விடிவதற்குள் மழையில் கரைந்துவிட்டது. மறுநாள் காலை வரைக்கும் 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் பக்கம் ஒரு வருஷம் முழுவதும் பெய்வதே அவ்வளவு இருக்காது. ராத்திரி ஒரு மணிக்கு மேல் தெருவுக்குள் ஆறு வந்தது. எதிர்வீட்டு மாடிக்கு ஏறினோம். ஏறுவதற்கு முன்னால், தொழுவில் நின்ற இரண்டு மாட்டின் கயிற்றையும் அவர் அரிவாளால் அறுத்துவிட்டார். செவலை நாலாம் நாள் தானாக வந்து வாசலில் நின்றது. மயிலை வரவில்லை. அது சினையாக இருந்தது.

அதற்கு முன்னால் எங்கள் ஊரில் உடம்புக்கு நல்லது என்று யாரும் நடந்ததில்லை. போக வேண்டிய இடம் இருந்தது, அதனால் நடந்தார்கள். இவர் காலையில் ஐந்து மணிக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். தெரு முக்கில் இன்னும் நாலு பேர் சேர்வார்கள். படித்துறையில் குளியல், கரையிலேயே டீக்கடை, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிரித்து வாசிக்கிற பேப்பர். அப்புறம் தென்கால் வாய்க்கால் கரையோடு வாழைக்குப் போய், மடையில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டு, பத்து மணிக்குச் சாப்பிட வருவார். சாயங்காலம் இன்னொரு நடை. எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஏழெட்டு கிலோமீட்டருக்குக் குறையாது.

வெள்ளத்தோடு அவ்வளவும் நின்றது. வாழைக்காட்டில் முழங்கால் அளவுக்கு மணல். வெட்டுக்கு வந்த தார் அத்தனையும் சேற்றுக்குள் கிடந்தது. படித்துறையில் கீழ்ப்படிகளைக் காணோம். டீக்கடை இருந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது. கடைக்காரர் பஸ் நிறுத்தம் பக்கம் போய்விட்டார். கூட நடந்த நாலு பேரில் ஒருவர் வீடு இடிந்து மகனோடு திருப்பூர் போனார். இன்னொருவர் சம்பந்தி வீட்டு ஊரில் இருக்கிறார்.

வெள்ளம் முடிந்து பத்தாம் நாள் அவருக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினோம். பழைய செருப்பெல்லாம் மூன்று மாதம் தாங்காது. குதிகாலில் வெளிப்பக்கமாகத் தேய்ந்து, கட்டைவிரல் இடத்தில் குழி விழுந்து, வார் அறுந்து போகும். ஆவணி மாதம் வீடு கழுவும்போது இந்தப் புதுச் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் அச்சில் வார்த்த கட்டம் கட்டமான கோடு ஒன்றுகூட அழியவில்லை. எட்டு மாதம். அவர் எங்கேயும் போகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

வீட்டுக்குள் என்ன நடந்தது என்று சொல்கிறேன். பட்டா, ரேஷன் கார்டு, பாஸ் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் வைத்தார். அதைத் தினமும் இறக்கிப் பார்ப்பார். மேகம் கறுத்தால் சாப்பாடு இறங்காது. தகரத்தில் நாலு சொட்டு விழுந்தால் எழுந்து வாசலில் உட்கார்ந்துகொள்வார். ஆழ்வார்திருநகரியில் உறங்காப்புளி என்று ஒரு மரம் உண்டு. ராத்திரியிலும் அதன் இலை மூடாது என்பார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. மயிலையைப் பற்றி மட்டும் அவர் வாயைத் திறக்கவே இல்லை.

சர்க்கரை கூடியிருக்கிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா அக்கறையோடு பேசினார். தினமும் அரை மணி நேரம் நடங்கள், சர்க்கரையும் குறையும், மனசும் லேசாகும் என்றார். வீட்டுக்கு வந்து நானும் நாலு தரம் சொன்னேன். அஞ்சாவது தரம் அவர் கேட்டார்: “நடன்னா எங்க போவ? வாழை இருக்கா? ஆத்துல படி இருக்கா? பேச ஆளு இருக்கா?”

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் உங்கள் வாசகர்கள் முன்னால் வைக்கிறேன்.

என் பேத்தி பாளையங்கோட்டையில் கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். இதைச் சொன்னபோது அவள் ஒரு ஜப்பான் ஆய்வை எடுத்து வாசித்துக் காட்டினாள். அங்கே 2011 மார்ச் 11-ம் தேதி நிலநடுக்கமும் சுனாமியும் வந்ததல்லவா? மியாகி மாகாணத்தில் இவானுமா என்று ஓர் ஊர். ஊரில் ஏறக்குறைய பாதி நிலம் தண்ணீருக்குள் போனது. சுனாமிக்கு ஏழு மாதம் முன்னால்தான் அங்கே உள்ள முதியவர்களிடம் உடல்நிலை, மனநிலை, யாரோடு பழகுகிறார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதி வைத்திருந்தார்களாம். முதுமை பற்றிய ஆராய்ச்சிக்கு எடுத்த கணக்கு. 2013-ல் அதே ஆட்களைத் தேடிப் போய் மறுபடியும் கேட்டார்கள். 3,500 பேருக்கு மேல். சேர்ந்து உடற்பயிற்சி செய்யப் போவதைக் கூட்டிக்கொண்டவர்களுக்கும், வழக்கமாக நடந்தவர்களுக்கும் மனச்சோர்வு அவ்வளவாக ஏறவில்லை என்று தெரிந்தது. நடக்காததால் மனசு சோர்ந்ததா, மனசு சோர்ந்ததால் நடக்கவில்லையா என்று பேத்தியிடம் கேட்டேன். ரெண்டும் இருக்கும் ஆச்சி, ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும் என்றாள். சரியாகத்தான் சொன்னாள். எங்கள் வீட்டில் நான் கண்டதும் அதுதான்.

அதே ஊரில் இன்னொன்றும் பார்த்தார்கள். வீடு இழந்தவர்களில் சிலரைத் தெருவோடு சேர்த்துத் தற்காலிகக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். சிலருக்குக் குலுக்கலில் தனித்தனியாக வீடு கிடைத்தது. சேர்ந்து போனவர்களிடம் ஒருவரோடு ஒருவர் பழகுவது விட்டுப்போகவில்லை. தனித்தனியாகப் போனவர்களிடம் குறைந்தது. இதைக் கேட்டபோது எனக்குத் திருப்பூர் போனவரும் சம்பந்தி வீட்டுக்குப் போனவரும்தான் ஞாபகம் வந்தார்கள்.

சரி, இவரை யார் கிளப்பினார்கள்? டாக்டரும் இல்லை, நானும் இல்லை. பக்கத்து வீட்டில் இருக்கிற ஓய்வு பெற்ற கண்டக்டர். புரட்டாசியில் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணும் மங்கல். ஒருநாள் காலையில் திண்ணையில் வந்து நின்றார். “அண்ணாச்சி, குண்டும் குழியும் தெரியல. டீக்கடை வரைக்கும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவியளா?” என்றார்.

இவர் எழுந்தார். சட்டையைப் போட்டார். போனார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். செருப்புச் சத்தம் தெருவில் போய்த் தேய்ந்தது.

கண்டக்டருக்குக் கண் தெளிந்த பிறகும் அந்த நடை நிற்கவில்லை. முதலில் பஸ் நிறுத்தம், அப்புறம் தென்கால் மடை. ஐப்பசி கடைசியில் மணல் மூடின காட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆற்றுக்கு மட்டும் போகவில்லை. தை பிறந்த பிறகு ஒருநாள் அதுவும் நடந்தது. நானும் பின்னாலேயே போனேன். மேல்படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அப்படியே நின்றார். கண்டக்டர் மட்டும் இறங்கி முகம் கழுவினார். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் இவரும் இறங்கினார், கெண்டைக்கால் வரைக்கும். குனிந்து தண்ணீரைக் கையில் அள்ளி, விட்டார். மறுபடி அள்ளினார். அன்றைக்குத் திரும்பி வரும் வழியில்தான் மயிலையைப் பற்றி முதல் தடவையாகப் பேசினார். “அவுத்து விட்டது தப்பா, கட்டிப் போட்டிருந்தா தப்பா?” என்று கண்டக்டரிடம் கேட்டார். கண்டக்டர் நல்லவர், சட்டென்று பதில் சொல்லவில்லை. வீடு வரைக்கும் கூடவே நடந்து வந்தார்.

நடக்கும்போது இப்படித்தான் பேச்சு வருகிறது. எதிரெதிரே உட்கார்ந்து சொல்லு சொல்லு என்றால் யாருக்கும் வாய் வராது. பக்கத்தில் பக்கத்தில் நடந்தால், பாதையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

இது எல்லாவற்றையும் சரியாக்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மழை இரவில் இன்றும் அவருக்குத் தூக்கம் இல்லை. ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பது போய்விட்டது. நடையாலும் தீராத வேதனை உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தாலோ, வாரக்கணக்கில் சோறும் தூக்கமும் இல்லாமல் போனாலோ டாக்டரிடம்தான் போக வேண்டும். 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் மனநல ஆலோசனை கிடைக்கிறது, காசு கிடையாது. ஒவ்வொரு வீட்டுக் காலண்டரிலும் இந்த எண்ணை எழுதி வையுங்கள்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. ஆண்களுக்காவது டீக்கடை இடம் மாறி இருக்கிறது. எங்களுக்குத் துவைக்கப் போவதும் குளிக்கப் போவதும்தான் நடை. ஆறேழு பேராகத் துணிமூட்டையோடு போய், ஊர்க்கதை எல்லாம் பேசி, ஈரத்தலையோடு திரும்புவோம். படி போனதும் எல்லோரும் வீட்டுக் குழாயடியில் குளித்துக்கொள்கிறோம். எங்கள் நடை நின்றுபோனதை யாரும் கவனிக்கவே இல்லை, நாங்களும் கவனிக்கவில்லை. எனக்கும் வெள்ளத்துக்குப் பிறகு ஒரு வருஷம் நெஞ்சு படபடப்பு இருந்தது. வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்கிற அவசரத்தில் அதை யாரிடமும் சொல்லவில்லை. இந்த வருஷம் சித்திரையில் ஐந்து பெண்கள் சேர்ந்து சாயங்காலம் அம்மன் கோவில் வரை போய்விட்டு, கரையோடு சுற்றி வருவதென்று வைத்துக்கொண்டோம். முதல் வாரமே ஒருத்தி, அந்த ராத்திரி மாமியாரைத் தூக்கிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் நின்றதைச் சொன்னாள். இருபது வருஷமாகப் பக்கத்துத் தெருவில் இருப்பவள், அதுவரை எனக்குத் தெரியாது.

தமிழக அரசு 2023 நவம்பர் 4-ம் தேதி ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை. நல்ல திட்டம். ஆறே வாரத்தில் எங்களுக்கு வெள்ளம் வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் பஸ் ஏறிப் போய் 8 கிலோமீட்டர் நடக்க மாட்டார்கள். வெள்ளம் புகுந்த ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு கிலோமீட்டர் போதும். அது படித்துறைக்கோ கோவிலுக்கோ நூலகத்துக்கோ போகிற பாதையாக இருக்கட்டும், முடிவில் உட்கார ஒரு கல் பெஞ்சு இருக்கட்டும். கரையில் மண்டிக் கிடக்கும் உடைமரத்தை வெட்டி, படிகளைத் திரும்பக் கட்டினாலே பாதி வேலை முடிந்தது.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீட்டுக்கு வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். பெரிய உதவி. அவர்கள் இன்னும் ரெண்டு கேள்வி சேர்த்துக் கேட்க வேண்டும்: ராத்திரி தூங்குகிறீர்களா, இப்போது எங்கே வரைக்கும் நடந்து போகிறீர்கள்? “எங்கேயும் போகலை” என்று பதில் வந்தால், அந்த வீட்டில் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

அடுத்த வீட்டில் யாராவது இப்படி முடங்கிக் கிடந்தால், போய் நடங்க என்று சொல்லாதீர்கள். கண்டக்டர் கேட்ட மாதிரி, எனக்குத் துணைக்கு வாரியளா என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் ஐந்து பேரோடு இப்போது இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஐந்தரைக்குக் கிளம்புகிறோம். கரைப் பாதையில் விளக்கு இல்லாததால் ஆறு மணிக்கெல்லாம் திரும்ப வேண்டியிருக்கிறது. நாலு விளக்குப் போட்டுத் தந்தால் படித்துறை வரைக்கும் போய்விட்டு வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
ஸ்ரீவைகுண்டம் வட்டம்.
(வீட்டு விஷயத்தையும் எழுதியிருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)