காலை ஆறு மணிக் காற்று

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பொங்கலுக்கு வந்தபோது நீ லேப்டாப்பில் காட்டிய, கடலில் படர்ந்த எண்ணெயைத் தேடுவதற்கான செயற்கைக்கோள் ரேடார் படம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. முப்பது வருஷமாகத் தொழில் செய்யும் எண்ணூர்க் கடலை மேலிருந்து பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை பாப்பா.

எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன், சரியா பார். செயற்கைக்கோள் சாய்வாக அனுப்பும் ரேடார் அலையின் நீளம் 5.6 சென்டிமீட்டர். என் மூன்று விரல் அகலம் இருக்கும். தண்ணீர் மேல் ஏறக்குறைய அந்த அளவில் சிற்றலை இருந்தால் அதில் பட்டுத் திரும்பி வரும், படம் வெளுப்பாக விழும். எண்ணெய் படர்ந்தால் சிற்றலை அமுங்கிவிடும். கண்ணாடியில் பட்ட வெளிச்சம் போல ரேடார் அலை அந்தப் பக்கமே போய்விடும். அந்த இடம் கறுப்பு.

2017 ஜனவரி 28 விடியற்காலையில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டபோது நீ பள்ளியில் படித்தாய். எண்ணெயை வாளியால்தான் அள்ளினோம். மெரினா வரைக்கும் போனது. நல்ல மீனைக்கூட வாங்க ஆள் வரவில்லை. அந்தக் கறுப்பைக் கையால் தொட்டவன் சொல்கிறேன்: படத்தில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் எண்ணெய் இல்லை.

காற்று விழுந்தாலும் கடல் அப்படித்தான் வழுவழுவென்று கிடக்கும். பாசி பெருகின இடத்திலும், மீன் கூட்டம் மேய்ந்த இடத்திலும் எண்ணெய் போல மெல்லிய படலம் மிதக்கும். உன் செயற்கைக்கோள் காலை 6 மணி வாக்கில் கடக்கும் என்றாய் அல்லவா? நம் கரையோரம் அந்த நேரத்தில் காற்று அடங்கிக் கிடக்கும் நாட்கள் நிறைய. அன்றைக்கு எடுத்த படத்தில் கரை நெடுகக் கறுப்பாக இருந்தால் பயந்துவிடாதே. காற்று பலமாக அடித்தால் இதற்கு நேர்மாறு. எண்ணெய் தண்ணீரோடு கலங்கி, படத்தில் தடமே இருக்காது. அதை வைத்து, கடல் சுத்தம் என்று எழுதிவிடாதே.

மேகம் இல்லாத நாளில் கேமரா எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார். வெயில் பட்டுத் தண்ணீர் மின்னும் பகுதி அதில் இருந்தால் அங்கே நன்றாகத் தேடு. நானும் கிழக்கே சூரியன் ஏறும்போது அந்த மினுமினுப்பில்தான் எண்ணெயைக் கண்டுபிடிப்பேன்.

அப்புறம், நீ ஊருக்குப் போன மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு, கடல் எப்படி என்று காலண்டர் தாளில் குறித்து வருகிறேன். தாள்களை இதோடு அனுப்பியிருக்கிறேன். நான் வெளியூர் போயிருந்த இரண்டு நாள் மட்டும் இல்லை. இனி மாதாமாதம் வரும். உன் படங்களின் தேதியோடு சேர்த்துப் பார்த்துவிட்டுப் போன் பண்ணு.

அப்பா