பாப்பாவையும் சேர்த்தே கூட்டிக்கொள்

காவேரிப்பட்டணம்
3.8.2025, ஆடி 18

கண்ணு,

ஊரில் பாதிப் பேர் ஒகேனக்கல்லுக்குப் போயிருக்கிறார்கள். அப்பா தென்பெண்ணை வரைக்கும் போய்க் குளித்துவிட்டு வந்து தூங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எனக்கும் அங்கன்வாடி இல்லை. பாப்பா தூளியில் தூங்குகிறாள். இந்த விஷயத்தை போனில் பேச எனக்கு வரவில்லை. வீடியோவில் உன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டுவிடுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ இருக்கும் பிரிட்டனுக்கு வர இப்போது மாப்பிள்ளைக்கு மட்டும் விசா போடலாம், பாப்பா மூன்று வயது வரை உங்களிடமே வளரட்டும், செலவும் மிச்சம், உங்களுக்கும் ஆறுதல் என்று போன வாரம் சொன்னாய். "உன் இஷ்டம் கண்ணு" என்றேன். அது பொய். எனக்கு அதில் இஷ்டம் இல்லை.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று பிடிவாதம் பிடித்து உன்னை இங்கே வரவழைத்தவள் நான். 2023 பிப்ரவரியிலேயே உனக்கு அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கிடைத்துவிட்டது. அப்படி செட்டிலான அம்மாவுக்கு அந்த மண்ணில் பிறக்கும் குழந்தை பிறந்த நிமிடமே பிரிட்டிஷ் பிரஜை. விசாவே வேண்டாம். அதே குழந்தை கிருஷ்ணகிரியில் பிறந்தால் இந்தியப் பிரஜை, விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டும். இது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்தும் என் மனசு நோகக் கூடாது என்று நீ வாயைத் திறக்கவில்லை என்று மாப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது. பிரசவத்துக்கு முன்னாலேயே நீ அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தாலும் பாப்பாவுக்கு அது வந்திருக்குமாம். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கக் கூடாது என்று அப்பா நின்றுவிட்டார். அடுத்த பிரசவம் எங்கே என்பதில் நாங்கள் இருவருமே தலையிட மாட்டோம், போதுமா?

சரி, இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம். மாப்பிள்ளை ஓசூரிலிருந்து வந்த இரண்டு ஞாயிறுகளும் அவர் விதிகளைப் படிக்கப் படிக்க, நான் அங்கன்வாடி ரிஜிஸ்டர் மாதிரி கட்டம் போட்டு எழுதிக்கொண்டேன்.

ஊரில் ஆளாளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள். ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்து, அப்பாவும் பிள்ளையும் விசிட் விசாவில் போகட்டும், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்றார். விசிட்டராகப் போனவர் உள்ளே இருந்துகொண்டு துணைவர் விசாவுக்கு மாற முடியாது. ஆறு மாதம் முடிந்ததும் திரும்பி வர வேண்டும், திரும்பாவிட்டால் பின்னால் எல்லாக் கதவும் அடைபடும். அதே ஆள் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு ஸ்பான்சர் வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்டார். அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை போன மாதம் 22-ஆம் தேதியே நிறுத்திவிட்டார்கள் என்று மாப்பிள்ளை படித்துக் காட்டியதும், காபி ஆறுவதற்குள் எழுந்து போய்விட்டார். மாப்பிள்ளை சொந்தமாக வேலை விசாவில் வர வேண்டுமென்றால் அதே நாளிலிருந்து சம்பளம் வருஷத்துக்கு 41,700 பவுண்டு காட்ட வேண்டும். அதுவும் நடக்காது.

நீ வேலை விசாவில் இருந்தபோதே கல்யாணம் நடந்திருந்தால் அவர் உன்னைச் சார்ந்தவர் என்றே வந்திருக்கலாம். உனக்கு நிரந்தர அனுமதி கிடைத்து ஆறு மாதம் கழித்துத்தான் கல்யாணம். அதனால் செட்டிலானவரின் துணைவர் என்ற வழி ஒன்றுதான். வழி நல்ல வழிதான். முதலில் 33 மாதம், பிறகு நீட்டிப்பு, ஐந்து வருஷத்தில் அவருக்கும் நிரந்தரம். எந்த வேலையும் பார்க்கலாம், யார் ஸ்பான்சரும் தேவையில்லை. அவரோடு சேர்ந்து பாப்பாவுக்கும் அதே காலத்துக்கு விசா. தனி ஸ்பான்சர், தனி வருமானக் கணக்கு எதுவும் அவளுக்குத் தேவையில்லை. முன்பெல்லாம் ஒரு பிள்ளைக்கு 3,800 பவுண்டு கூடுதல் வருமானம் காட்ட வேண்டியிருந்ததாம், 2024 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது பெரிய கருணை ஒன்றும் இல்லை, 18,600 ஆக இருந்த வருஷ வருமான வரம்பை 29,000 ஆக்கிவிட்டுத்தான் எடுத்தார்கள்.

உன் சம்பளம் அதைத் தாண்டுகிறது, ஆனால் பிரசவ விடுப்புச் சம்பளம் தாண்டாது. நீ இங்கே விடுப்பில் இருந்தபோதே விண்ணப்பித்திருந்தால் விடுப்புக்கு முந்தைய சம்பளத்தையே கணக்கில் எடுத்திருப்பார்கள். இதையும் இப்போதுதான் படிக்கிறோம். பரவாயில்லை, ஜனவரியிலிருந்து உனக்கு முழுச் சம்பளம். ஜூலை வரை ஆறு மாதச் சம்பளச் சீட்டும், அதே தொகை விழுந்த வங்கிக் கணக்கும் கையில் இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். விண்ணப்பிக்கும் தேதிக்கு 28 நாளுக்குள் எடுத்த கணக்காக இருக்க வேண்டும், அதை மறக்காதே.

இப்போது நீ சொன்ன மிச்சத்துக்கு வருகிறேன். ஆளுக்கு விசாக் கட்டணம் 1,938 பவுண்டு. அங்கே அரசு வைத்தியத்துக்கு என்று விசாவோடு சேர்த்தே வாங்கும் மருத்துவக் கட்டணம் மாப்பிள்ளைக்கு வருஷத்துக்கு 1,035, பாப்பாவுக்கு 776. 33 மாதத்தை மூன்று வருஷமாக எடுத்துக்கொள்கிறார்கள். கூட்டிப் பார்த்தேன். அவருக்கு 5,043, அவளுக்கு 4,266. இரண்டும் சேர்த்து நம் பணத்தில் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. பாப்பா பங்கே 5 லட்சத்துக்குப் பக்கம். பெரிய பணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அப்பாவின் மாந்தோப்பு இந்த வருஷம் கை கொடுக்கவில்லை. பெங்களூரா காய் கிலோ 5, 6 ரூபாய்க்குப் போனது, பறித்த கூலிக்கே காணவில்லை.

ஆனால் அவளைத் தள்ளிப்போட்டால் இதெல்லாம் மிச்சமா? இரண்டு வருஷம் கழித்து விண்ணப்பித்தாலும் விசாக் கட்டணம் முழுசாகத்தான் கட்ட வேண்டும். மறுபடி சம்பளச் சீட்டு, வீட்டுக் காகிதம் எல்லாம் புதிதாக. மருத்துவக் கட்டணத்தில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதற்குள் விலை ஏறாது என்று யார் சொன்னது? விசாக் கட்டணம் போன ஏப்ரல் தொடக்கம் வரை 1,846. மருத்துவக் கட்டணம் 2024 பிப்ரவரிக்கு முன் 624 தான். எனக்குத் தெரிந்து இறங்கிய கட்டணம் ஒன்றும் இல்லை.

பணத்துக்கு வழி இருக்கிறது. என் பெயரில் அஞ்சலகத்தில் போட்டது முதிர்ந்துவிட்டது. உன் தம்பி படிப்புக்கு என்று எடுத்து வைத்ததைத் தொடவில்லை, பயப்படாதே.

காகிதங்கள் முக்கால்வாசி தயார். கல்யாணத்தைக் கோயில் ரசீதோடு விட்டிருந்தோம் இல்லையா, 90 நாள் தாண்டி கார்த்திகையில் தாமதக் கட்டணம் கட்டிச் சார்பதிவாளரிடம் பதிந்தது இப்போது எவ்வளவு உதவுகிறது பார். பாப்பாவின் பிறப்புச் சான்றிதழில் மாப்பிள்ளை பெயர் தலைப்பெழுத்தோடு இருக்கிறது, அவர் பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்து விரிந்து அப்பா பெயராக நிற்கிறது. தமிழ்நாட்டுக்காரனுக்கு ஆயுசு முழுக்க இந்த வழக்குத்தான். இரண்டும் ஒரே ஆள் என்று நோட்டரியிடம் உறுதிமொழி வாங்கிவிட்டோம். காசநோய்ப் பரிசோதனைக்கு பெங்களூரு போக வேண்டும். பதினொரு வயதுக்குக் கீழே என்பதால் பாப்பாவுக்கு எக்ஸ்ரே வழக்கமாக எடுப்பதில்லை, மருத்துவர் பார்ப்பார். கைரேகையும் ஐந்து வயதுக்குக் கீழே கிடையாது, படம் மட்டும். சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும், அதனால் முன்கூட்டியே எடுக்க வேண்டாம் என்றேன். ஆங்கிலத் தேர்வில் பேசுவதும் கேட்பதும்தான், ஏ1 என்ற அடிப்படை நிலை. பி.இ. படித்த மனிதர் கண்ணாடி முன் நின்று பயிற்சி செய்கிறார், அப்பா ஒளிந்து நின்று சிரிக்கிறார்.

நீங்கள் உண்மையான தம்பதி என்று காட்டுவதற்கு நீங்கள் இருவரும் எழுதிக்கொண்ட செய்திகளையும் இணைக்க வேண்டுமாம். மார்ச் மாதம் சண்டை போட்டீர்களே, அதையும் வைக்கச் சொன்னேன். அதைவிட நல்ல அத்தாட்சி எது?

வீடு மட்டும் உன் பொறுப்பு. ஆஸ்பத்திரி விடுதியில் ஒற்றை அறை செல்லாது. ஒரு படுக்கையறையும் ஒரு கூடமும் இருந்தால் போதும். ஒரு வீட்டில் எத்தனை பேர் இருக்கலாம் என்று பார்க்கும் நெரிசல் கணக்கில் ஒரு வயதுக்குக் கீழே குழந்தை ஆளே இல்லை, ஒரு வயதிலிருந்து பத்து வயது ஆகும் வரை அரை ஆள். நம் ஊர் பஸ்ஸில் ஐந்து வயது வரை டிக்கெட்டே கிடையாது, அங்கே அதற்குள் அரை ஆளாகிவிட்டாள்.

எங்களுக்கு ஆறுதல் என்றாயே, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆறுதல்தான். வேலை முடிந்து வரும்போது வாசலில் உட்கார்ந்திருக்கிறாள், என் செருப்புச் சத்தம் தெரிகிறது அவளுக்கு. ஆனால் போன மாதத்திலிருந்து என்னை அம்மா என்கிறாள். அம்மாயி என்று எத்தனை முறை சொல்லிக் கொடுத்தும் அம்மாதான். உன் படத்தைக் காட்டி அம்மா எங்கே என்றால் போனைக் கையில் எடுத்துக் காட்டுகிறாள். அவளுக்கு நீ இருக்கும் இடம் அது. என் மையத்துக்கு வருகிற பிள்ளைகளில் அப்பா அம்மா கட்டட வேலைக்குப் பெங்களூரு போன பிள்ளைகள் நாலைந்து பேர் எப்போதும் உண்டு. மூன்று வயதில் அழைத்துப் போக வந்த அம்மாவைப் பார்த்து என் புடவைக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவின் முகத்தையும் பார்த்திருக்கிறேன். உனக்கு அது வேண்டாம்.

ஆடி முடியட்டும். ஆவணி முதல் வாரத்தில் இருவருக்கும் சேர்த்தே விண்ணப்பம் போடுகிறோம். 12 வாரம் என்கிறார்கள், கார்த்திகையில் கிடைத்துவிடும். உன் ஜூலைச் சம்பளச் சீட்டும் வாடகை ஒப்பந்தமும் வந்ததும் மாப்பிள்ளைக்கு அனுப்பு.

இந்தத் தாளின் பின்பக்கத்தில் அவள் பாதத்தை வைத்துப் பென்சிலால் வரைந்திருக்கிறேன். நடுவில் காலை இழுத்துக்கொண்டாள், அதனால் கட்டைவிரல் பக்கம் கோணலாக இருக்கும். குளிருக்கு ஷூ வாங்கும்போது இதைக் கொண்டுபோ. ஒரு விரல் அகலம் கூடுதலாகவே வாங்கு, கார்த்திகைக்குள் வளர்ந்துவிடும்.

உன் அம்மா