ஹெலிபேட் வேலைக்கு வரும் தம்பிகளுக்கு

வணக்கம். நாளை காலை திருவாரூர் பக்கம் ஹெலிபேட் (ஹெலிகாப்டர் இறங்கும் தளம்) வேலைக்கு வருகிறவர்கள் இதை முழுசாகப் படித்துவிடுங்கள்.

ஹெலிகாப்டரின் வால் பக்கம் யாரும் போகவே கூடாது. அங்கே இருக்கும் சின்ன விசிறி சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது. பின்னால் வருகிறவர் பைலட்டுக்கும் தெரியமாட்டார். முன்பக்கமாக, அவர் பார்வையில் படும்படி, அவர் கை காட்டிய பிறகுதான் நெருங்க வேண்டும். இன்ஜின் நின்றுவிட்டதே என்று ஓடாதீர்கள். வேகம் குறையும்போதுதான் மேல் இறக்கை தாழ்ந்து தொங்கும், காற்றடித்தால் இன்னும் இறங்கும். கம்பு, கொடிக்கம்பம் எதையும் தோளில் தூக்காமல் இடுப்புக்குக் கீழே படுக்கைவசமாகப் பிடியுங்கள்.

போன தடவை அறுவடை முடிந்த வயலில் தண்ணீர் தெளிக்காமல் விட்டுவிட்டோம். இறங்கும்போது அடித்த காற்றில் வைக்கோல் தூசி சுழன்று எழுந்தது, ஓரத்தில் கிடந்த தார்ப்பாய் ஆள் உயரத்துக்குப் பறந்தது. நம் தம்பி ஒருவனுக்குக் கண்ணில் மண் விழுந்து மூன்று நாள் கண்ணைத் திறக்க முடியவில்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அதனால் இன்று சாயங்காலமே தரையை நன்றாக நனைத்துவிட வேண்டும். சாக்கு, பிளாஸ்டிக் நாற்காலி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

அப்புறம், தோளில் துண்டு வேண்டாம். பறந்தால் கை தானாக அதைப் பிடிக்கப் போகும்.

கண்ணாடியும் காது அடைப்பானும் என்னிடம் இருக்கின்றன. காலை ஐந்தரை மணிக்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.